நாரே அப்பா சொன்ன கருத்து

நாரே அப்பாவுக்கு நாரே என்று மகள் கிடையாது. வேறு பெயரிலும் கிடையாது. ஐம்பத்தோரு வயது ஆகியும் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. சொந்தப் பெயர் ப்யோ ஜோங்ஹாக். வீடுகளில் எரிவாயு இணைப்பு சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு நிறுவனத்தின், குன்சான் என்ற துறைமுக ஊரில் உள்ள கிளையில் துணை மேலாளர். தேஜோன் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். துறைமுகச் சாலையில் ஒற்றை அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருந்தார்.

அவரை நாரே அப்பா என்று கூப்பிட்டது நூலகத்தின் பெற்றோர் வாசிப்புக் குழு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை இரண்டாவது மாடியில் கூடுவார்கள். இளையோர் நாவல்கள் மட்டும்தான் படிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் பதிவு கேட்கிறார்கள், பிள்ளைகளுக்கு டியூஷன் ஓடவே நேரம் போதவில்லை, நாம் படித்துக் கதையைச் சொல்லிவிடலாம் என்று அம்மாக்கள் ஆரம்பித்த குழு அது. பிள்ளைகள் சீக்கிரமே காது கொடுப்பதை விட்டுவிட்டார்கள். அம்மாக்களால் விட முடியவில்லை.

ஜோங்ஹாக் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் குளிர். மாற்றலாகி வந்த முதல் குளிர்காலத்தில், அறையில் சூடேற்றியை ஓடவிட்டுக் காசைக் கரியாக்குவானேன் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தார். நூலகத்தின் சூடேற்றிக்குப் பக்கத்தில் இருந்தது இளையோர் நாவல் அலமாரி. கை நீட்டியதும் அகப்பட்டது ‘ஈட்டி விழுந்த இடம்’.

அதில் நாரே என்று ஒரு பதினாலு வயதுப் பெண். பள்ளி அணிக்காக ஈட்டி எறிபவள். ஒருநாள் அவள் எறிந்த ஈட்டி, மைதானத்தில் பந்து பொறுக்க ஓடிய ஒரு சின்னப் பிள்ளையின் காலடியில் வந்து குத்தி நிற்கிறது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து நாரே ஈட்டியைத் தொடுவதில்லை, பள்ளிக்கூடம் போவதில்லை, அறைக் கதவைத் திறப்பதில்லை. அவ்வளவுதான் கதை. ஜோங்ஹாக் அதை முடித்துவிட்டு, எழுந்திருக்காமல் முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார்.

படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அலுவலகத்தில் ஆரம்பித்தபோது, “துணை மேலாளர் சார் மறுபடி எட்டாம் கிளாஸ் எழுதப் போறீங்களா?” என்று சிரித்தார்கள். நூலக வாசலில் குழுவின் அறிவிப்பைப் பார்த்ததும், பெற்றோர் என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு நாவல் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

குழுத் தலைவி கியுதே அம்மா; அங்கே எல்லாரையும் பிள்ளை பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுப்பவர். காகிதக் கோப்பையில் பெயர் எழுதப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “வாங்க வாங்க, ஆம்பளையே வர்றதில்லையேன்னு பார்த்தோம். நீங்க யாரோட அப்பா?” என்று கேட்டார்.

யாரோட அப்பாவும் இல்லை என்று சொன்னால் வந்த வழியே போக வேண்டியதுதான். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். “நாரே அப்பா” என்று வந்துவிட்டது வாயில். அந்த வாரம் முழுக்க வாயில் இருந்த பெயர் அதுதான். டீ குடித்துவிட்டுச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தார். டீயே அந்தப் பெயர் எழுதிய கோப்பையில்தான் வந்தது.

மனைவி மகளோடு தேஜோனில் இருக்கிறாள், இவர் மட்டும் வேலைக்காக இங்கே இருக்கிறார் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். அந்த மாதிரி அப்பாக்கள் எல்லா ஊரிலும் இருந்ததால் யாரும் துருவிக் கேட்கவில்லை. ஆனால் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்காமல் இருப்பார்களா? கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஜோங்ஹாக்குக்குத் தெரிந்த பதினாலு வயதுப் பெண் ஒருத்திதான்.

அப்படியாக, ஒரு வருடத்துக்குள் குழுவுக்கு நாரேயைப் பற்றிப் பல விஷயம் தெரிந்துவிட்டது. ஈட்டி எறிகிறாள். வெள்ளரிக்காய் தொடமாட்டாள். தலைமையாசிரியர் என்று பெயர் வைத்து ஆமை வளர்க்கிறாள். “தலைமையாசிரியர் இந்த வாரம் சாப்பிட்டாரா?” என்று இரட்டையர் அம்மா ஒவ்வொரு கூட்டத்திலும் விசாரிப்பாள். குழுவிலேயே சின்னவள் அவள்தான். மற்ற அம்மாக்கள் எல்லாரும் அவளுக்கு அக்கா.

போமி அம்மா மட்டும் சிரிக்க மாட்டார். ஜோங்ஹாக்குக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் வேலை. வசந்தகாலத்தில் ஒருநாள், கூட்டம் முடிந்து எல்லாரும் படி இறங்கும்போது, தன் மகள் போமி பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள், கதவைத் தட்டினால் கத்துகிறாள், சாப்பிட வெளியே வருவதில்லை என்று சொன்னார். “உங்க நாரேக்கு அப்படி ஏதாவது வந்திருக்கா?” என்று கேட்டார்.

“வந்துச்சு” என்றார் ஜோங்ஹாக்.

“என்ன பண்ணீங்க?”

“தட்டறதை விட்டுட்டேன். சாயங்காலமானா கமலா ஆரஞ்சை உரிச்சு, தட்டுல வெச்சு, கதவுக்கு வெளிய வெச்சுட்டு வந்துடுவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். தட்டு எடுத்தாளா இல்லையான்னுகூடப் பார்க்க மாட்டேன்.”

நாவலில் நாரேயின் அப்பா செய்வது அதுதான். போமி அம்மா அன்று சாயங்காலமே போய் ஆரஞ்சு வாங்கினார். சில வாரம் கழித்து, தட்டு காலியாகி வெளியே வருகிறது என்றார். கோடையில், போமி சமையலறை வரை வந்தாள் என்றார். இனிமேல் உண்மையைச் சொல்ல வழியே இல்லை என்று ஜோங்ஹாக்குக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

நவம்பர் கூட்டத்தில் விஷயம் கைமீறியது.

அன்று பேசிக்கொண்டிருந்தது, பள்ளி ஒலிபரப்பு அறையில் மறைந்து வாழும் ஒரு பையனைப் பற்றிய நாவல். கியுதே அம்மாவுக்கு அதில் கடுமையான ஆட்சேபம் இருந்தது.

“எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. ஏன் எல்லா புத்தகத்துலயும் அம்மாவைக் கொன்னுடறாங்க? போன மாசம் புற்றுநோய். அதுக்கு முந்தி கார் விபத்து. இதுல என்னடான்னா அம்மா பிரேசிலுக்குப் போயிட்டா. பிரேசில்ல அவளுக்கு என்ன வேலை?”

“அம்மா இருந்தா கதை நகராதுக்கா” என்றாள் இரட்டையர் அம்மா. “ராத்திரி ஒலிபரப்பு அறையிலயே தங்கறான் பையன். நம்ம வீட்டுப் பையனா இருந்தா ஏழு மணிக்கே காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து சாப்பிட உட்கார வெச்சிருப்போம். ரெண்டாவது அத்தியாயத்துலயே புத்தகம் முடிஞ்சிருக்கும்.”

“சரி, அப்பா இருக்கானே?”

“அப்பாவை எதுக்குக் கொல்லணும்? இருந்தாலும் இல்லாத மாதிரிதானே.”

எல்லாரும் ஜோங்ஹாக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தனக்கு அந்தப் பையன் ஒலிபெருக்கியில் வானிலை அறிக்கை படிக்கும் இடம் பிடித்தது என்றார். யாரும் தன்னைத் தேடவில்லை என்பதை அவன் மழை வெயிலாகவே சொல்லிவிடுகிறான் என்றார். போமி அம்மா அந்தப் பக்கத்தைத் திருப்பி மறுபடி படித்துப் பார்த்துவிட்டு, “ஆமா, இது என் கண்ணுல படல” என்றார். இந்த மாதிரி ஒரு “ஆமா”வுக்காகத்தான் ஜோங்ஹாக் மாதம் முழுக்கக் காத்திருப்பார். சனிக்கிழமை அந்த இரண்டு மணி நேரம் போனால் அவருக்கு அந்த ஊரில் வேறு பேச்சு கிடையாது.

அடுத்த மாதம் என்ன படிக்கலாம் என்று பேச்சு வந்தது. இரட்டையர் அம்மா கை தூக்கினாள். “என் தங்கச்சி ஒண்ணு சொன்னா. பஸ்ல படிச்சு அழுதுட்டாளாம், ஸ்டாப்பைத் தாண்டிப் போயிட்டாளாம். ‘ஈட்டி விழுந்த இடம்’னு பேரு. ஈட்டி எறியற பொண்ணாம். நம்ம நாரேக்குப் பிடிக்குமேன்னு நினைச்சேன்.”

ஜோங்ஹாக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அது வேண்டாம்” என்றார்.

“ஏன், படிச்சிருக்கீங்களா?” என்றார் கியுதே அம்மா.

“படிச்சேன். நல்லா இல்ல.”

எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். இந்த ஒரு வருடத்தில் எந்தப் புத்தகத்தையும் அவர் அப்படிச் சொன்னதில்லை. கியுதே அம்மா மோசம் என்று தூக்கி எறிந்த புத்தகத்தில்கூட, அந்த ஒரு பத்தி நன்றாக இருக்கிறது என்று எடுத்து வைப்பவர் அவர்.

“என்ன நல்லா இல்ல?”

“கதையே நகராது. அந்த அப்பா ஒரு மரக்கட்டை. எழுதினவருக்கு எழுதவே தெரியல.” சொல்லும்போது அவருக்குக் காது மடல் வரை சூடேறியது. தனக்கு மிகவும் பிடித்த புத்தகத்தை இப்படி நாலு பேர் முன்னால் வைத்து அடிப்பது, நம்பிய ஆளைத் தெருவில் விட்டு அடிப்பது மாதிரி இருந்தது. ஆனாலும் அடித்தார். “படிச்சா நேரம்தான் வீண்.”

“இவ்வளவு கோபம் வருதுன்னா கண்டிப்பா படிக்கணும்” என்றார் கியுதே அம்மா. கை தூக்கச் சொன்னார். ஜோங்ஹாக்கின் கையைத் தவிர எல்லாக் கையும் மேலே போனது.

ஜோங்ஹாக் அன்றே கீழே இறங்கி, நூலகத்தில் இருந்த ‘ஈட்டி விழுந்த இடம்’ பிரதிகள் இரண்டையும் தன் பெயரில் இரவல் எடுத்துக்கொண்டார். நூலகர் சூ, இரண்டு எதற்கு என்று கேட்டாள். ஒன்று மகளுக்கு என்றார். ஒரு பொய்யை மறைக்க அதே பொய்யையே சொல்ல வேண்டியிருந்தது. அதனாலும் பிரயோசனம் இல்லை. குழுக்களுக்கென்று மாகாண நூலகம் ஒரே புத்தகத்தின் பல பிரதிகளைப் பையில் போட்டு அனுப்பும். அடுத்த வாரமே பை வந்துவிட்டது.

பிறகு குழுவின் அரட்டைப் பக்கம் அமைதியாகிவிட்டது. வழக்கமாக மாத நடுவிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். ‘நூறாவது பக்கம் வந்தாச்சு, இந்தப் பையனை அறையணும் போல இருக்கு’ என்று கியுதே அம்மா எழுதுவார். இரட்டையர் அம்மா அழும் முகமாக வரிசையாக அனுப்புவாள். இந்த மாதம் ஒன்றும் இல்லை. ஜோங்ஹாக் அலுவலகத்தில் குனிந்து குனிந்து கைபேசியைப் பார்த்தார். தான் இல்லாத இன்னொரு அரட்டைப் பக்கம் திறந்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. நாரே, ஈட்டி, வெள்ளரிக்காய், ஆமை, ஆரஞ்சு. எல்லாம் முதல் அறுபது பக்கத்துக்குள் வந்துவிடும்.

போகாமல் இருந்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தார். சனிக்கிழமை காலை சவரம் செய்துகொண்டு கிளம்பினார். போகாவிட்டால் அவர்கள் அவர் இல்லாமலேயே புத்தகத்தைப் பற்றிப் பேசி முடித்துவிடுவார்கள். அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது.

மாடி ஏறிக் கதவைத் திறந்ததும் கைதட்டல் கேட்டது.

ஜன்னல் கண்ணாடியில் ஒரு தாளுக்கு ஓர் எழுத்தாக வெட்டி ஒட்டியிருந்தார்கள்: ‘எழுத்தாளர் நாரே அப்பாவுக்கு வாழ்த்துகள்’. மேசை நடுவில் சிவப்புப் பயறு தூவிய அரிசிக் கேக், இன்னும் ஆவி பறந்துகொண்டு. நூலகர் சூ கையில் மலர்க்கொத்து. கியுதே அம்மா பெண்களுக்கு முன்னால் நின்று, டியூஷன் பிள்ளையைக் காப்பியடிக்கையில் பிடித்த முகத்தோடு விரலை ஆட்டினார்.

“இனிமே தப்பிக்க முடியாது. மாட்டிக்கிட்டீங்க.”

“எவ்வளவு கல்நெஞ்சு உங்களுக்கு! ஒரு வருஷமா பக்கத்துலயே உட்கார்ந்திருந்து ஒரு வார்த்தை சொல்லலையே!” என்றாள் இரட்டையர் அம்மா. “தலைமையாசிரியர்னு ஆமை வந்துச்சு பாருங்க, நான் பாத்ரூம்ல உட்கார்ந்து கத்தினேன். என் வீட்டுக்காரர் கதவை உடைக்க வந்துட்டாரு.”

ஜோங்ஹாக் ஒன்றும் விளங்காமல் நின்றார். கியுதே அம்மா புத்தகத்தின் பின்னட்டை மடிப்பை விரித்து உரக்கப் படித்தார். “‘கோவுன் என்பது புனைபெயர். ஆசிரியர் கடற்கரை ஊர் ஒன்றில் வசிக்கிறார். நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். இது இவருடைய முதல் நாவல்.’ போட்டோ இல்ல. கடற்கரை ஊரு, கம்பெனி வேலை. இன்னும் என்ன வேணும்? அன்னைக்கே எனக்குப் பொறி தட்டிச்சு. எழுதினவருக்கு எழுதவே தெரியலன்னு காது சிவக்கச் சிவக்கச் சொன்னாரே! வேற யாராவது அப்படிச் சொல்வாங்களா? அடக்கம்!”

“சொந்தப் பொண்ணு கதைங்கறதால கூச்சம்” என்றாள் நூலகர் சூ. “ரெண்டு பிரதியையும் இவரே எடுத்துட்டுப் போனாரே, யாரும் படிக்கக் கூடாதுன்னு.”

அவரை நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கேக் துண்டை வாயில் திணித்தார்கள். மெல்ல ஆரம்பித்தார். மென்று முடிக்கும் வரை பேசவேண்டாம் என்பது மட்டும் ஆறுதலாக இருந்தது. உண்மையைச் சொன்னால் இந்த நாற்காலி போய்விடும். சும்மா இருந்தால் இருக்கும். இருப்பதோடு, இனிமேல் மகளைப் பற்றி எதுவும் கண்டுபிடிக்கவும் வேண்டாம். எழுத்தாளர் பேசமாட்டார் என்று விட்டுவிடுவார்கள். ஜோங்ஹாக் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் பார்த்தார்.

போமி அம்மா பையிலிருந்து ஒரு புதுப் பிரதியை எடுத்து, முதல் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார்.

“இது எங்க காசுல வாங்கினது. போமி படிச்சுட்டா. ஒரே மூச்சுல படிச்சா. படிச்சுட்டு, ‘அந்த அங்கிள் என்னைப் பத்தித் தெரிஞ்சுதான் இதை எழுதினாராம்மா’ன்னு கேட்டா. திங்கட்கிழமைலேர்ந்து பள்ளிக்கூடம் போறேன்னு சொல்லியிருக்கா. ‘போமிக்கு’ன்னு எழுதிக் கையெழுத்து போட்டுத் தாங்க.”

பேனாவை நீட்டினார். ஜோங்ஹாக் வாங்கிக்கொண்டார். போமி என்ற பெயரின் முதல் எழுத்தில் முனையை வைத்தார். அதற்கு மேல் கை போகவில்லை. பேனாவை மூடிவைத்தார்.

“நான் எழுதல” என்றார்.

“பார்த்தியா, பார்த்தியா!” என்று இரட்டையர் அம்மா கைதட்டினாள். “எழுத்தாளருங்க எல்லாம் இப்படித்தான் சொல்வாங்க.”

“இல்லம்மா. நிஜமா நான் எழுதல. நூலகத்துல எடுத்துப் படிச்சேன். முதல் நாள் நீங்க யாரோட அப்பான்னு கேட்டப்போ வாயில அந்தப் பேருதான் வந்துச்சு. எனக்குப் பொண்ணு கிடையாது. கல்யாணமே ஆகல.”

“சரி சரி, கோவுன்னு பேரு வெச்சவரு இப்போ நாரேயும் இல்லன்னு சொல்றாரு. அடுத்தது நாங்களும் இல்லன்னு சொல்வீங்களா?” என்றார் கியுதே அம்மா. அவர் முகத்தில் இன்னும் சிரிப்பு போகவில்லை.

இல்லாத மகளை இருக்கிறாள் என்று ஒரு வார்த்தையில் நம்பவைத்தவருக்கு, இல்லை என்பதை நம்பவைக்க எத்தனை வார்த்தை வேண்டியிருக்கிறது என்று தெரியவில்லை. பிறகு புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

“போன மாசம் நான் சொன்னது பொய். இந்தப் புத்தகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாலு தடவை படிச்சிருக்கேன். ஒரே ஒரு இடத்துலதான் எனக்கு இவரோட சண்டை. கடைசியில நாரே மறுபடி மைதானத்துக்கு வர்றா. அப்பா வேலிக்கு வெளியவே நிக்கிறார். கேட் திறந்துதான் இருக்கு. அவ திரும்பித் திரும்பிப் பார்க்கிறா. இவர் உள்ள போக மாட்டேங்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆத்திரமா வரும். போயேன்யா, உன் பொண்ணுதானே, போய்ப் பக்கத்துல நில்லேன்! நான் எழுதியிருந்தா அவரை உள்ள அனுப்பியிருப்பேன்.”

போமி அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவர் எழுதல” என்றார் போமி அம்மா.

“என்னக்கா நீங்களுமா?” என்றாள் இரட்டையர் அம்மா.

“இவர் எழுதல. இவருக்குப் பிள்ளையும் இல்ல.” அவர் குரல் உயரவில்லை. “உள்ள போனா அவ ஈட்டியைக் கீழ போட்டுடுவா. அதுக்குத்தான் அந்த ஆளு வெளிய நிக்கிறான். நிக்கறதுக்கு அவனுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் வாரக்கணக்கா சமையலறையில நின்னேன், அவ கதவு திறக்கிற சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்காம. பிள்ளை இருக்கிற யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்ல.”

இப்போது கியுதே அம்மாவின் முகத்திலும் சிரிப்பு போய்விட்டது. நூலகர் சூ மலர்க்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

“அப்போ அந்த ஆரஞ்சு?” என்றார் போமி அம்மா.

“புத்தகத்துல இருக்கிறதுதான்.”

“அது தெரியுது, படிச்சேன். நான் கேக்கறது, நீங்க ஒருத்தருக்கும் அதை வெச்சுப் பார்த்ததில்லையா?”

“இல்ல.”

“என் பொண்ணு சாப்பிடாம எலும்பாகிட்டு இருந்தா. நான் டாக்டர்கிட்ட கேக்கல, எங்கம்மாகிட்ட கேக்கல. உங்ககிட்ட கேட்டேன். நீங்க அனுபவப்பட்டவர்னு கேட்டேன். நீங்க ஒரு கதையை எடுத்து என் கையில கொடுத்து அனுப்பியிருக்கீங்க. அது பலிக்கலன்னா?”

“பலிச்சுதானேக்கா” என்று இரட்டையர் அம்மா மெல்ல ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு. பலிக்கலன்னா என்ன பண்ணியிருப்பீங்க? அதுக்கும் ஒரு அத்தியாயம் இருந்துச்சா?”

“தப்புதான்” என்றார் ஜோங்ஹாக். “தெரியும். கோடையிலேயே சொல்லியிருக்கணும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா இங்க வரமுடியாது.”

கியுதே அம்மா தொண்டையைச் செருமினார். அவர் நியாயமான ஆள். சங்கடமான விஷயத்தைத் தலைவியாக இருப்பவர்தான் பேச வேண்டும் என்று நினைப்பவர். “பாருங்க சார், இது பெற்றோர் குழு. நூலகம் அப்படித்தான் இடம் கொடுத்திருக்கு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரியவங்களுக்குத் தனியா ஒரு குழு இருக்கு. நல்ல கனமான நாவலா படிக்கிறாங்க. ஆம்பளைங்களும் வர்றாங்க. நீங்க அங்க…”

ஒரு வருடத்தில் அவரை யாரும் அங்கே சார் என்று கூப்பிட்டதில்லை. ஜோங்ஹாக் தலையசைத்தார். கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பேசியதெல்லாம் நியாயம்தான் என்று அவருக்கே பட்டது.

“எங்க போறீங்க?” என்றார் போமி அம்மா.

அவர் நின்றார்.

“போன மாசம் என்ன சொன்னீங்க? மரக்கட்டைன்னீங்க. எழுதத் தெரியலன்னீங்க. அது பொய்யின்னு இப்போ சொல்றீங்க. இப்போ உள்ள போயிருக்கணும்னு சொல்றீங்க, அது நிஜம்னு சொல்றீங்க. ஆனா அது தப்பு. சுத்தத் தப்பு. நான் அதுக்கு இன்னும் பதில் சொல்லி முடிக்கல. இந்தப் புத்தகத்தைப் பத்தி இன்னைக்கு ஒருத்தர்கூட ஒழுங்கா பேசல. கேக்கு, கைதட்டல், தோரணம், அவ்வளவுதான் நடந்திருக்கு. உட்காருங்க.”

“போமி அம்மா, அந்த விதி…” என்றார் கியுதே அம்மா.

“விதியை அப்புறம் பார்த்துக்கலாம். கடைசி அத்தியாயத்தை எடுங்க.”

எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் என்பது மூன்று மணி நேரம் ஆனது. நாரேயின் அப்பா கோழையா, பொறுமைசாலியா என்பதில் மேசை இரண்டாகப் பிரிந்தது. இரட்டையர் அம்மா ஜோங்ஹாக்கின் பக்கம் சேர்ந்துகொண்டாள். தன் வீட்டுக்காரர் என்றால் வேலியையே பெயர்த்துக்கொண்டு உள்ளே போயிருப்பார் என்றாள். கியுதே அம்மா, அது எல்லாம் சரி, இதிலும் அம்மாவைக் காணோமே, எங்கே போனாள் என்று பக்கம் பக்கமாகத் தேடினார். அவள் ஒரு வாக்கியத்தில் செத்துப்போயிருந்தாள். போமி அம்மா ஜோங்ஹாக் சொன்ன ஒவ்வொன்றையும் வெட்டினார். முன்பெல்லாம், அவர் ஒரு அப்பா என்ற மரியாதைக்கு, பாதியில் விட்டுக்கொடுப்பார். இன்று விடவில்லை. “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஒரு தடவை கேட்டார். “படிச்சதால தெரியும்” என்றார் ஜோங்ஹாக். “படிச்சதை மட்டும் வெச்சுப் பேசுங்க, அப்போ கேக்கறேன்” என்றார் அவர்.

முடிந்தபோது, மீதிக் கேக்கை நூலகர் சூ பங்கு பிரித்துக் கட்டினாள். அவருக்கும் ஒன்று கட்டினாள். கியுதே அம்மா ஜன்னலில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், “நூலகத்துக்குக் கொடுக்கிற பேருல பெற்றோர்னு போடறதுக்குப் பதிலா பெற்றோர் மற்றும் வாசகர்னு போட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்” என்றார். சூ, கேட்க மாட்டார்கள் என்றாள்.

போமி அம்மா கையெழுத்தில்லாத பிரதியைப் பையில் வைத்துக்கொண்டார். முதல் பக்கத்தில் அந்தப் பாதி எழுத்து மட்டும் இருந்தது. வீட்டில் மகளிடம் என்ன சொல்லப்போகிறார் என்று ஜோங்ஹாக் கேட்க நினைத்தார். கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“அவகிட்ட நிஜத்தைச் சொல்லிடுவேன். எழுதினவங்க யாருன்னே தெரியாதுன்னு சொல்வேன். திங்கட்கிழமை போவாளோ மாட்டாளோ, அது அவ பாடு.” பிறகு கதவருகே நின்று திரும்பினார். “அடுத்த மாசம் வாங்க. ஆனா பிள்ளை வளர்க்கிறதைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது. இந்த மேசைக்கு வெளிய யாரு கேட்டாலும் சொல்லக் கூடாது. புத்தகத்தைப் பத்தி மட்டும்.”

“சரிங்க” என்றார் ஜோங்ஹாக்.

ஜனவரிக் கூட்டத்தில் போமி அம்மா பக்கத்து நாற்காலியை விட்டுவிட்டு எதிரில் போய் உட்கார்ந்தார். போமி பள்ளிக்கூடம் போகிறாளா என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஜோங்ஹாக் கேட்கவும் கூடாது. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாததால், “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று முகத்தைப் பார்த்தே கேட்டார்கள். கோப்பையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்த மாத நாவல், பனிச்சறுக்கில் காலை இழந்த ஒரு பையனைப் பற்றியது. ஜோங்ஹாக் தன் கருத்தைச் சொல்லத் தொடங்கியதும் எதிர்ப்பக்கம் ஒரு கை மேலே போனது. அவர் அதை எதிர்பார்த்துத்தான், புத்தகத்தை இரண்டு தடவை படித்துக்கொண்டு வந்திருந்தார்.